இரு துண்டு மரமும் ஒரு கண்ணாடியும்

வீட்டிலுள்ள மரச்சாமான்களுள் மனிதனோடு மிகவும் நெருங்கிப் பழகுவது எது என்று கேட்டால், கட்டிலைச் சொல்வோர் உண்டு. சாய்வு நாற்காலியைச் சொல்வோரும் உண்டு. எனக்கென்னவோ அந்த இடம் கூடத்தில் கிடக்கும் சிறிய மேசைக்கே உரியதென்று தோன்றுகிறது. வந்தவருக்குக் காப்பி வைப்பது அதன்மேல்; படித்த செய்தித்தாளை மடித்துப் போடுவது அதன்மேல்; பாட்டியின் மூக்குக்கண்ணாடியும் பேரனின் வண்ணப் பென்சில்களும் ஒன்றாகக் கிடப்பதும் அதன்மேல்தான். திருமணப் பேச்சின்போது தாம்பாளத் தட்டைத் தாங்குகின்ற அதே மேசை, மற்றொரு நாள் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் தாங்குகிறது. பங்குப் பணியாளன் என்ற முறையில் இல்லந்தோறும் சென்று வருகிறவனாகையால், ஒரு வீட்டின் நிலவரத்தை அந்த வீட்டு மேசையைப் பார்த்தே ஒருவாறு ஊகித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டது.

மேசைகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். தேக்கில் கடைந்த காலுடையவை, ஒட்டுப் பலகையில் பளபளப்புத் தாள் ஒட்டியவை, பிரம்பால் முடைந்தவை, மகள் திருமணத்திற்கென்று வாங்கிப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருப்பவை என்று அவற்றுள் பல வகை. ஆயின் ஒரு மேசை மட்டும் என் நினைவில் தனியாக நிற்கிறது. அது நம் நாட்டு மேசை அன்று. அமெரிக்காவிலே செய்யப்பட்டது, ஜப்பானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்த ஒருவரின் சிந்தனையிலே உருவானது. அதன் வரலாற்றை அறிந்தபின், மேசையைப் பற்றி மட்டுமல்ல, மனத்தாங்கலைப் பற்றியும் நான் சிறிது கற்றுக்கொண்டேன். அதையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாலாவது கால் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் கோடைக்காலத்தில், பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஒரு பங்கில் ஆறு வாரங்கள் உதவிப் பணி செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அப்பங்கிலே தொண்ணூறு வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர் இருந்தார். நோயுற்றவர்களுக்கு நற்கருணை கொண்டுபோகும் வழக்கப்படி வெள்ளிதோறும் அவர் இல்லம் செல்வேன். அவருடைய நாற்காலிக்கு முன்னே, என் முழங்காலுக்கும் எட்டாத உயரத்தில், ஒரு மேசை இருந்தது. மேற்பரப்பு முழுவதும் தடித்த கண்ணாடி; மூலைகள் மழுங்கிய முக்கோணம் போன்ற வடிவம். கண்ணாடியின் கீழே, காலென்றும் சொல்ல முடியாமல் சட்டமென்றும் சொல்ல முடியாமல், வளைந்து நெளிந்த மரம். 1950-களில், மணமான புதிதில், கணவரும் தாமும் பணம் சேர்த்து வாங்கியது என்றார்.

“இது வீட்டுக்கு வந்த அன்று என் மாமியார் இதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், ஃபாதர். கடைசியில், ‘நாலாவது கால் எங்கே? கடைக்காரன் மறந்துவிட்டானா?’ என்று கேட்டார்” எனச் சொல்லி அம்மூதாட்டி சிரித்தார்.

ஒரு நாள் தரைவிரிப்பைத் துப்புரவு செய்யவேண்டி அவருடைய மகனார் வந்திருந்தார். கண்ணாடியைத் தூக்க ஓர் ஆள் போதாதாகையால் நானும் ஒரு கை கொடுத்தேன். அந்தக் கண்ணாடி எந்த ஆணியாலும் எந்தப் பசையாலும் பிணைக்கப்படவில்லை. தன் பாரத்தாலேயே மரத்தின்மேல் அமர்ந்திருந்தது. அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்தபின்தான் மரத்தின் அமைப்பு எனக்கு விளங்கிற்று.

அது இரண்டே துண்டுகளால் ஆனது. மடக்கிய முழங்கையைப் போன்ற வளைவுடைய துண்டுகள் அவை. இரண்டும் அச்சில் வார்த்தாற்போல ஒரே வடிவம். ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் திருப்பி, நடுவே ஒரேயோர் உலோக முளையினால் இணைத்திருந்தார்கள். அந்த முளையைச் சுற்றி இரண்டையும் விரிக்கலாம், மடக்கலாம். தனித்து நிறுத்தினால் இரண்டுமே சாயும். இணைத்து நிறுத்தினாலோ, அவ்வளவு கனமான கண்ணாடியையும் அதன்மேல் வைப்பனவற்றையும் ஆடாமல் அசையாமல் தாங்குகின்றன. ஒன்றின் சாய்வே மற்றொன்றின் ஊன்றுகோலாகிவிடுகிறது. மாமியார் தேடிய நாலாவது கால் அங்கே தேவைப்படவேயில்லை.

அந்த மேசையை வடிவமைத்தவர் இசாமு நொகுச்சி என்னும் சிற்பி. 1944-இல் அவர் உருவாக்கிய இந்த வடிவத்தை, மிச்சிகன் மாநிலத்தின் ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் வால்நட், பிர்ச், செர்ரி ஆகிய மரங்களில் அடித்தளம் செய்யப்பட்டது. 1973-இல் உற்பத்தி நின்றது. பின்னர் 1984-இல் மீண்டும் தொடங்கியது. கண்ணாடி ஏறத்தாழ 50 அங்குல நீளமும் 36 அங்குல அகலமும் உடையது. மேசையின் உயரம் 16 அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. பழைய காலத்து மேசைகளைத் தேடி வாங்குவோர் இன்று பெரும் விலை கொடுக்கிறார்கள். அதைப் பார்த்துப் போலியாகச் செய்தவையும் சந்தையில் ஏராளம். விலையைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. அந்த மேசை பிறந்த கதையே என்னைக் கவர்ந்தது.

ஜப்பானியம் எங்கே இருக்கிறது?

இதனை ஜப்பானியச் சாயல் உள்ள மேசை என்பார்கள். அச்சாயல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், வெளிப்படையாக ஒன்றும் தென்படாது. அரக்குப் பூச்சு இல்லை, நாகம் இல்லை, செர்ரிப் பூங்கொத்து இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜப்பான் தன் துறைமுகங்களை மேல்நாட்டாருக்குத் திறந்துவிட்டபின், ஐரோப்பாவில் ஜப்பானியப் பொருள்கள்மேல் பெரும் மோகம் எழுந்தது. தங்கள் வழக்கமான அலமாரிகளின்மேலும் மேசைகளின்மேலும் மூங்கில் கணுக்களையும் கொக்குகளையும் செதுக்கி ஒட்டி, இதுவும் ஜப்பான் பாணியே என்று மகிழ்ந்தவர்கள் பலர். விருந்தாளியின் மேலாடையை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு அவருடைய உறவினன் என்று சொல்லிக்கொள்வது போன்றது அது.

நொகுச்சியின் மேசையிலுள்ள ஜப்பானியம் எலும்புக்குள் இருக்கிறது. பாயின்மேல் அமர்ந்து வாழ்ந்த மக்கள் ஜப்பானியர். எனவே அவர்களுடைய மேசைகள் தாழ்ந்தவை. ஆணியை நாடாமல், மரத்தை மரத்தினுள் கழுந்தும் துளையுமாகப் பொருத்தி, கோயில்களையே எழுப்பிய தச்சர் மரபு அவர்களுடையது. மரத்தின் இழையைச் சாயத்தால் மறைக்காமல் அப்படியே காட்டுவதும், நிரப்பாமல் விட்ட வெற்றிடத்தையும் அழகின் ஒரு பகுதியாகக் கருதுவதும் அவர்களின் இயல்பு. இம்மேசையைப் பாருங்கள்: தாழ்ந்திருக்கிறது, மரத்தோடு மரம் கைகோத்து நிற்கிறது, இழை தெரிகிறது, கண்ணாடியின் ஊடே பார்த்தால் மரத்தைச் சுற்றியுள்ள வெற்றிடமும் மேசையின் ஓர் உறுப்பாகத் தோன்றுகிறது.

இந்த அறிவு அவருக்குப் புத்தகத்தால் வந்ததன்று. 1904-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை யோனே நொகுச்சி என்னும் ஜப்பானியக் கவிஞர். தாய் லியோனி கில்மோர் என்னும் அமெரிக்க எழுத்தாளர். மகன் பிறப்பதற்கு முன்பே தந்தை ஜப்பான் திரும்பிவிட்டார். 1907-இல் தாய் குழந்தையை எடுத்துக்கொண்டு கணவரைத் தேடிக் கடல் கடந்தார். அங்கே சென்று பார்த்தபோது அவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது. தாயும் மகனும் தனித்தே வாழ்ந்தனர். பின்னர் சிகசாக்கி என்னும் கடற்கரை ஊரில் அத்தாய் ஒரு சிறு வீடு கட்டினார். சிறுவனாயிருந்த மகனை அந்த வேலையிலே ஈடுபடுத்தியதோடு, உள்ளூர்த் தச்சர் ஒருவரிடம் சிறிது காலம் தொழில் பழகவும் விட்டார். வாளையும் இழைப்புளியையும் தன்னை நோக்கி இழுத்து வேலை செய்யும் ஜப்பானிய முறை அந்தப் பிஞ்சுக் கைகளிலே படிந்தது. கணவரால் கைவிடப்பட்ட ஒரு தாய், தன் மகனுக்குக் கைத்தொழிலை விட்டுச் சென்றாள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

1918-இல், பதின்மூன்று வயதில், அந்தச் சிறுவனைத் தாய் தனியாகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பினார். அங்கே அவன் கில்மோர் என்ற தாயின் பெயராலே வளர்ந்தான். சிற்பியாக வேண்டுமென்று தீர்மானித்தபோது தந்தையின் பெயரை ஏற்றுக்கொண்டான். பின்பு பாரிசு நகரில் 1927-இல் பிரான்குசி என்ற பெருஞ்சிற்பியிடம் சில மாதங்கள் உதவியாளராக இருந்தார் நொகுச்சி. கல்லையும் மரத்தையும் அவற்றின் இயல்பறிந்து தொடக் கற்றது அங்கே. பிறகு தந்தையின் நாட்டைக் காணப் புறப்பட்டபோது, நொகுச்சி என்ற பெயரோடு ஜப்பானுக்கு வர வேண்டாம் என்று தந்தையிடமிருந்தே கடிதம் வந்தது! எனினும் அவர் போனார். கியோத்தோ நகரில் மண்பாண்டத் தொழில் பயின்றார்.

இப்படியாக, ஒரு நாட்டில் தந்தையின் முகமும் மறு நாட்டில் தாயின் நாவும் தமக்கு அந்நியப் பெயர் வாங்கித் தர, இரண்டுக்கும் இடையே அவர் வளர்ந்தார்.

1942

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தின்மேல் ஜப்பான் குண்டு வீசியது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையிலே கையொப்பமிட்டார். அதன் விளைவாக, மேற்குக் கடற்கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசல், கடை, வயல் யாவற்றையும் விட்டுவிட்டு, முள்வேலியிட்ட முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். செய்த குற்றம் யாது? முகச்சாயல் ஒன்றே.

நொகுச்சி நியூயார்க்கில் வசித்தவர். அவ்வாணை அவரைத் தீண்டாது. எனினும் 1942-ஆம் ஆண்டு மே மாதம், அரிசோனா பாலைவனத்திலிருந்த போஸ்டன் என்னும் முகாமுக்கு அவர் தாமாகவே சென்று சேர்ந்தார். தம் இனத்தார் அனுபவிக்கும் துன்பத்தில் பங்குகொள்ளவும், அந்தப் புழுதிக்காட்டிலே பூங்காவும் விளையாட்டுத் திடலும் கைத்தொழிற்கூடமும் அமைத்து அவர்கள் வாழ்வை மனிதர் வாழத்தக்கதாக்கவும் அவர் விரும்பினார். திட்டங்களை வரைந்தார்; இறந்தோரை அடக்கம் செய்ய ஒரு கல்லறைத் தோட்டத்திற்கும் வரைபடம் போட்டார். அதிகாரிகள் எதையும் நிறைவேற்றவில்லை. முகாமிலிருந்த மக்களோ, வெளியிலிருந்து தானாக வந்த இவன் அரசாங்கத்தின் ஆள் போலும் என்று ஐயுற்றனர். போவதென்று முடிவு செய்தபோது வாயில் திறக்கவில்லை! உள்ளே வருவதற்கு ஒரு கையொப்பம் போதுமாயிருந்தது. வெளியேறப் பல மாதங்கள் மன்றாட வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஒரு மாதத் தற்காலிக விடுப்புக் கிடைத்தது. அதில் போனவர் திரும்பவில்லை.

மேசையின் கதை இங்கேதான் திருப்பம் கொள்கிறது. 1939-இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த கொங்கர் குட்இயர் என்பவருக்காக, மரமும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு மேசையை நொகுச்சி செய்து கொடுத்திருந்தார். அதன்பின், புகழ்பெற்ற உள்ளலங்கார நிபுணர் ஒருவர் கேட்டதற்கிணங்க, தாழ்ந்த மேசை ஒன்றின் சிறு மாதிரியையும் செய்தளித்தார். பதிலொன்றும் வரவில்லை. போஸ்டன் முகாமில் இருந்தபோது ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. தம் மாதிரியின் சாயலில் அமைந்த மேசையொன்று, அந்நிபுணரின் பெயரில் அச்சாகியிருந்தது! நியூயார்க் திரும்பியபின் அவரிடமே சென்று முறையிட்டார். மூன்று கால் மேசையை யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்பது பதிலாக வந்தது. இவ்வளவையும் 1968-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் நொகுச்சியே எழுதியிருக்கிறார்.

அதற்கு மேல் அவர் என்ன செய்தார்? வழக்குத் தொடுத்து ஆண்டுக்கணக்காக அலைந்திருக்கலாம். பார்ப்பவரிடமெல்லாம் பழித்துப் பேசியிருக்கலாம். அவர் தம் பட்டறைக்குள்ளே போய், தம் மேசையைத் தாமே மீண்டும் செய்தார். முன்னதைவிடச் செம்மையாகச் செய்தார். வழியில்லாது நின்ற மரத்தை இரண்டு ஒத்த துண்டுகளாகச் சுருக்கினார். ஒன்றைக் கவிழ்த்து மற்றதன்மேல் ஊன்ற வைத்தார். அதன்மேல் கண்ணாடியை வைத்தார். பழி தீர்க்கவே இதைச் செய்ததாக அவரே வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் நெல்சன் மேசை செய்வதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் இது இடம்பெற்றது. அதன் வழியே ஹெர்மன் மில்லர் நிறுவனத்தை எட்டியது. அன்று விளம்பரத்தில் வந்த மேசையை இன்று நினைப்பவர் அரிது. நொகுச்சியின் மேசையோ உலகறிந்ததாகிவிட்டது.

அக்காலத்தில் அவர் செதுக்கிய கற்சிலைகளிலும் இதே முறை காணப்படுகிறது. கட்டடச் சுவர்களுக்குப் பதிக்கும் மெல்லிய சலவைக்கல் பலகைகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வெட்டி, பள்ளமிட்டு, ஒன்றினுள் ஒன்று செருகி, பசையின்றி நிற்கும் சிலைகளை அமைத்தார். 1945-இல் அவர் இவ்வாறு செய்த ‘கூரோஸ்’ என்னும் சிலை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு துண்டை உருவினால் முழுதும் சரியும். எல்லாம் சேர்ந்திருக்கும்வரை நிமிர்ந்து நிற்கும்.

மற்றொரு முகாமில் மற்றொரு தச்சர்

அதே 1942-இல், அதே ஆணையினால், ஐடஹோ மாநிலத்தின் மினிடோக்கா முகாமிலே மனைவியோடும் கைக்குழந்தையோடும் அடைக்கப்பட்டார் ஒருவர். ஜார்ஜ் நகஷிமா என்பது அவர் பெயர். கண்ணாடியை நாடாமல் முழு மரத்திலேயே மேசை செய்து புகழடைந்தவர். நொகுச்சியைப் பற்றிச் சொல்லும்போது இவரைச் சொல்லாமல் விட என்னால் இயலவில்லை; ஏனெனில் இவருக்கு நம் மண்ணோடும் நம் திருச்சபையோடும் உறவுண்டு.

வாஷிங்டன் மாநிலத்தில் 1905-இல் பிறந்த நகஷிமா, கட்டடக் கலை பயின்று தோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்பவரிடம் பணியாற்றினார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்திற்காக ரேமண்ட் வரைந்த ‘கோல்கொண்டா’ விடுதியைக் கட்டும் பணியை மேற்பார்வையிட, 1937-இல் புதுவைக்கு வந்தார். வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் அசையும் சன்னல் பலகைகளும், நகரும் தேக்குக் கதவுகளும் கொண்ட அக்கட்டடம் இன்றும் அங்கே இருக்கிறது. அதற்கான மரச்சாமான்களையும் அவரே வடிவமைத்தார். ஊர் திரும்பியபின், சியாட்டில் நகரில் மேரிநோல் சபைக் குருக்கள் நடத்திய சிறுவர் மன்றத்தில் அவருடைய முதல் பட்டறைக்கு இடம் கிடைத்தது. வாடகைக்குப் பதிலாகச் சிறுவர்களுக்குத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தார். பட்டறை வேரூன்றுமுன் முகாம் வாழ்க்கை வந்துவிட்டது.

மினிடோக்காவில் கெண்டாரோ ஹிக்கோகாவா என்ற முதிய தச்சரைச் சந்தித்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர், அம்முதியவரின் காலடியில் அமர்ந்து உளி தீட்டுவதிலிருந்து கற்றார். எஞ்சிய பலகைத் துண்டுகளே அவர்களுக்கு மரம். பழைய முதலாளியான ரேமண்டின் பரிந்துரையால் 1943-இல் விடுதலை பெற்றுப் பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற ஊரில் குடியேறினார். பிறர் கழித்துப் போட்ட வெடித்த மரங்களையே அவர் நாடினார். வெடிப்பை மறைக்கவில்லை, வண்ணத்துப்பூச்சியின் சிறகு போன்ற மரத் துண்டை வெடிப்பின் குறுக்கே பதித்து, மேலும் பிளவாதபடி கட்டினார். அந்தத் துண்டுகளே அவர் மேசைகளின் அழகாகிவிட்டன. பிற்காலத்தில் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். கியோத்தோவின் கத்சுரா பகுதியில் 1965-இல் எழுந்த கிறிஸ்து அரசர் ஆலயம் அவர் வடிவமைத்தது. உலகின் கண்டந்தோறும் சமாதானத்திற்கென்று ஒரு பெரிய மேசை வைக்க வேண்டுமென்பது அவர் முதுமைக் காலக் கனவு. முதலாவது 1986-இல் நியூயார்க்கில் ஒரு பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1990-இல் அவர் மறைந்தபின், 1996-இல் ஆசியாவுக்கான மேசை ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. இளமையில் அவர் பணி செய்த இடத்திற்கு அருகிலேயே!

இரு கரையும் ஒதுக்கியபோது

மீண்டும் நொகுச்சிக்கு வருவோம். போர் முடிந்தபின் ஹிரோஷிமாவிலே சமாதானப் பூங்கா எழுந்தது. அதன் இரு பாலங்களின் கைப்பிடிச் சுவர்களை வடிவமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. 1952-இல் அவை முடிந்தன. அணுகுண்டால் மாண்டவர்களுக்கான நினைவுச் சின்னத்திற்கும் அவரிடம் வடிவம் கேட்டார்கள். முழு மனத்தோடு செய்து கொடுத்தார். குண்டு வீசிய நாட்டின் குடிமகன் செய்தது என்பதனால் அது தள்ளப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஜப்பானியன் என்று ஐயுறப்பட்டவர், ஜப்பானில் அமெரிக்கன் என்று ஒதுக்கப்பட்டார். இரு கைகளையும் நீட்டியவருக்கு இரு கதவுகளும் சாத்தப்பட்டன.

அப்பொழுதும் அவர் கை ஓயவில்லை. கிஃபு என்ற ஊரில் மூங்கிலாலும் கைத்தாளாலும் விளக்குக் கூடு செய்யும் தொழிலாளரோடு 1951 முதல் சேர்ந்து, ‘அக்காரி’ என்னும் காகித விளக்குகளை உருவாக்கிக்கொண்டே இருந்தார். 1985-இல் தம் படைப்புகளுக்கென்று நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். 1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், முகாம்களில் அடைத்தது தவறென்று ஏற்று மன்னிப்புக் கோரும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரேகன் கையொப்பமிட்டார். உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு என்றும் முடிவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் நாள் நொகுச்சி கண்மூடினார். மன்னிப்பு வந்து சேர நாற்பத்தாறு ஆண்டுகள் ஆயின. அதுவரை காத்திருந்துவிட்டுப் பின் வேலையைத் தொடங்கலாம் என்று அவர் இருந்திருப்பாராயின், நமக்கு இந்த மேசையும் இல்லை, விளக்கும் இல்லை.

நம் கூடத்து மேசை

இரு துண்டுகளையும் தம் இரு நாடுகளின் அடையாளமாக நொகுச்சி அமைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அது சிற்பியின் கணக்கு. எடையையும் சமநிலையையும் பற்றிய கணக்கு. ஆயினும் பார்ப்பவன் உள்ளத்தில் எழுவதை யார் தடுக்க இயலும்? ஒரே வடிவம் கொண்ட இரண்டு, ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பி நிற்கின்றன. அந்த எதிர்நிலையே பாரத்தைச் சுமக்கும் ஆற்றலாகிறது. கணவன் மனைவி பூசலைத் தீர்த்து வைக்கும்படி என்னிடம் வருவோர், “அவர் ஒரு திக்கு, நான் ஒரு திக்கு, சாமி” என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மேசை நினைவுக்கு வருகிறது. இரு துண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் கண்ணாடி விழுந்துவிடும். திசை வேறாயிருப்பதனால் தீங்கில்லை. நடுவிலுள்ள முளை கழன்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனத்தாங்கலைப் பற்றியும் ஒரு சொல். உழைப்பைப் பிறர் கவர்ந்துகொண்டார் என்றும், உடன்பிறந்தான் பாகத்தில் ஏமாற்றினான் என்றும், ஊர் தன்னை மதிக்கவில்லை என்றும் புண்பட்டோர் எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார்கள். அவர்களுள் பலருடைய புகார் நியாயமானதே. “மறந்துவிடுங்கள்” என்று ஒரு வார்த்தையில் சொல்லி அனுப்ப எனக்கு நா எழுவதில்லை. நொகுச்சியும் மறக்கவில்லை; இருபத்தைந்து ஆண்டு கழித்தும் புத்தகத்தில் எழுதினார். ஆனால் மனத்தின் சூட்டை அவர் பட்டறை உலைக்குக் கொண்டுபோனார். வீட்டுக் கூரைக்கு வைக்கவில்லை. பழி தீர்க்கப் பிறந்த அந்த மேசையைச் சுற்றி எத்தனையோ குடும்பங்கள் அமர்ந்து காப்பி அருந்தியிருக்கின்றன; எத்தனையோ குழந்தைகள் அதன் கண்ணாடிக்கடியில் ஒளிந்து, தங்களை யாரும் பார்க்கவில்லையென்று நம்பி விளையாடியிருக்கின்றன. அவர்களுள் எவரையும் அந்தக் கோபம் சுடவில்லை.

நம் கூடங்களில் கிடக்கும் மேசைகளுக்கு வெளிநாட்டுச் சிற்பியின் பெயர் வேண்டியதில்லை. பழைய மேசையின் கால் ஆடினால், உள்ளூர் ஆசாரியாரை அழைத்து ஓர் ஆப்பு வைக்கச் சொன்னால், தாத்தா வாங்கியது பேரனுக்கும் உழைக்கும். விரிப்பின் அடியில் ஆண்டுக்கணக்காக மடித்து வைத்துள்ள பத்திரம் எதுவேனும் இருப்பின், அதை எடுத்து, அண்ணனையும் தம்பியையும் எதிரெதிரே உட்கார வைத்து, நடுவிலே இரண்டு தம்ளர் காப்பியும் வைத்துப் பேசிப் பாருங்கள். எதிரெதிரே அமர்வதற்குத்தானே மேசை!